சித்தப்பாவின் சாவுச் செலவு யார் தலையில்? பெரியப்பாவா, சொத்தா, நானா?

கேள்வி: லத்தேரிக்காரி

சட்டம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், துக்கம் கேட்க வந்தவர்களே அதைத் தேவைக்கு மேல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

என் அப்பாவுடன் பிறந்தவர்கள் மூன்று பேர். ஓசூரில் இருக்கும் பெரியப்பா, ஆற்காட்டில் வாழ்க்கைப்பட்ட அத்தை, கல்யாணமே செய்துகொள்ளாத சித்தப்பா. அப்பா இறந்த பிறகு சித்தப்பா எங்கள் வீட்டில்தான் இருந்தார். லத்தேரியில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, பஸ் பிடித்து ராணிப்பேட்டைக்குத் தோல் தொழிற்சாலை வேலைக்குப் போய்வருவார். 17,000 ரூபாய் சம்பளம். மாதம் பிறந்தால் 5,000 ரூபாயை அரிசிப் பானையின் மூடிமேல் வைத்துவிட்டுப் போவார். கையில் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

போன மாதம் நெஞ்சுவலி வந்தது. தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம், பிழைக்கவில்லை. மருத்துவச் செலவு 42,600 ரூபாய். என் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன்.

சாவுச் செலவை எழுதுகிறேன். நான் நியாயவிலைக் கடையில் வேலை பார்ப்பவள். பாமாயில் பாக்கெட் ஒன்று குறைந்தாலும் கைக்காசைப் போடவேண்டிய வேலை. அதனால் துண்டுச்சீட்டுகூட விடாமல் எடுத்து வைத்திருக்கிறேன். குளிர்பெட்டி 4,000. பந்தல், நாற்காலி 6,500. பூப்பல்லக்கு 9,000. மேளம் 8,000. விறகு, வறட்டி, மயானத்தில் வேலை செய்தவர்கள் கூலி எல்லாம் சேர்த்து 7,500. பட்டாசு 3,000. மூன்றாம் நாள் பால் தெளிப்புக்கு 2,400. பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாடு 38,000. ஆக 78,400.

இதில் 9,000 ரூபாய் சித்தப்பாவின் தகரப்பெட்டியில், வேட்டி மடிப்புக்குள் இருந்த அவருடைய பணம். பந்தல்காரரும் மற்றவர்களும் முன்பணம் கேட்டு வாசலில் நின்றபோது எடுத்துக் கொடுத்தேன். மீதி முழுவதும் நான் புரட்டியது.

பெரியப்பா மகன் வந்து கொள்ளி வைத்தான். பூப்பல்லக்கு வேண்டும், பட்டாசு வேண்டும் என்று நின்றவனும் அவன்தான். கருமாதியன்று மொய் நோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனும் அவனே. 31,000 ரூபாய் மொய், பையோடு ஓசூர் போய்விட்டது.

சித்தப்பா பெயரில் வங்கியில் 2,10,000 ரூபாய் வைப்பு இருக்கிறது. நாமினி பெரியப்பா, எந்தக் காலத்திலோ எழுதிக் கொடுத்தது. சித்தப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய 40 சென்ட் கொல்லையும் உண்டு, வேர்க்கடலை போடுவோம். செலவில் பாதியாவது கொடுங்கள் என்று போனில் கேட்டேன். "வைத்துப் பார்த்தவள் நீ, செலவும் உன்னுடையது. கொள்ளி வைத்தவனுக்குத்தான் சொத்து. பெட்டியில் இருந்த பணத்தை யாரைக் கேட்டு எடுத்தாய்?" என்றார். கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கேட்பது இவ்வளவுதான். சாவுச் செலவைத் தரவேண்டிய சட்டப் பொறுப்பு யாருக்கு? நான் பெட்டியைத் திறந்தது குற்றமா?

பதில்: வளையல்கார வீதி

தங்கையே, கோபித்துக்கொள்ளக் கூடாது. பெற்ற தகப்பன் போல இருந்தவருக்குச் செய்ததைக் கணக்குப் போட்டுக் கேட்பது அழகாக இல்லை. பணம் இன்று வரும், நாளை போகும். ஓசூர்க்காரர்கள் உறவு அறுந்துபோனால் நாளைக்கு உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் வந்து நிற்பார்கள்?

லத்தேரிக்காரி

அண்ணா, அழகாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. 2,10,000 ரூபாயை எடுத்துக்கொள்பவருக்கு அசிங்கமாக இல்லாதது, சங்கிலியை அடகு வைத்தவளுக்கு மட்டும் ஏன் அசிங்கமாக வேண்டும்? சித்தப்பாவுக்குச் செய்ததற்கு நான் விலை கேட்கவில்லை. அவர் பணம் இருக்கும்போது அவர் செலவு அதிலிருந்து போகட்டும் என்கிறேன். மனுஷர் டீ குடித்தால்கூடத் தன் காசைத்தான் எடுப்பார்.

பதில்: சத்துவாச்சாரி குமாஸ்தா

அம்மா, நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்து தலை நரைத்தவன். இந்த மாதிரி வழக்குக் கட்டுகளை நிறையக் கட்டி அவிழ்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். இன்ன உறவுக்காரர் தரவேண்டும் என்று நம் சட்டம் பொதுவாகச் சொல்வதில்லை. இறந்தவரின் சொத்து தரவேண்டும் என்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 320-ஐப் பாருங்கள். இறந்தவரின் தகுதிக்கும் நிலைக்கும் ஏற்ற நியாயமான ஈமச்செலவு, மரணப்படுக்கைச் செலவு, அதில் மருத்துவக் கட்டணமும் இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்துக்கான தங்கலும் சாப்பாடும் அடக்கம். இவை மற்ற எல்லாக் கடன்களுக்கும் முன்னால் தீர்க்கப்பட வேண்டும். அதற்குப் பிறகுதான் நீதிமன்றச் சான்று வாங்குகிற செலவு, வேலைக்காரர் கூலி, மற்ற கடன்காரர்கள். வாரிசுகள் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள். கடனெல்லாம் போக மிஞ்சியதுதான் அவர்களுக்கு.

அதனால் பெரியப்பா தன் சட்டைப்பையிலிருந்து தரவேண்டும் என்று கேட்காதீர்கள், அந்த வழக்கு நிற்காது. சித்தப்பா சொத்து அவர் கைக்கு எவ்வளவு வருகிறதோ, அந்த அளவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அப்படிக் கேளுங்கள். நீங்கள் பெற்ற மகளாக இருந்திருந்தாலும் இதே பதில்தான். பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை பராமரிக்கும் கடமையைச் சட்டம் மகன் மகள் இருவர் மேலும் வைத்திருக்கிறது. 2007-ஆம் ஆண்டு வந்த மூத்த குடிமக்கள் சட்டமும் அவர்கள் உயிரோடு இருக்கும்போது கேட்கும் ஜீவனாம்சத்தைப் பற்றியது. அடக்கச் செலவைக் கேட்க அங்கே போக முடியாது.

கொள்ளிக்கும் சொத்துக்கும் சட்டத்தில் முடிச்சே கிடையாது. கொள்ளி வைத்தவனுக்குப் பங்கு கூடுவதும் இல்லை, வைக்காதவனுக்குக் குறைவதும் இல்லை. நம் பக்கத்தில் இந்தப் பேச்சு சாகவே மாட்டேன் என்கிறது. கொள்ளிச்சட்டிக்காக மயானத்திலேயே பங்காளிகள் மல்லுக்கட்டிய கதை ஊருக்கு ஒன்று இருக்கும்.

அடுத்து அந்தத் தகரப்பெட்டி. நிம்மதியாகத் தூங்குங்கள். இறந்தவர் சொத்தில் உரிமையில்லாமல் கை வைக்கிறவர் அதற்குப் பொறுப்பாளி ஆகிவிடுவார் என்று பிரிவு 303 சொல்வது உண்மை. அந்தப் பிரிவே விலக்கும் கொடுத்திருக்கிறது: சொத்தைப் பாதுகாக்கவோ, இறுதிச்சடங்குக்காகவோ, குடும்பத்தின் உடனடித் தேவைக்காகவோ கை வைத்தால் அந்தப் பொறுப்பு வராது. பெட்டியில் 9,000 இருந்தது, பந்தலுக்கும் மற்றச் சாவுச் செலவுக்கும் போனது, ரசீது இருக்கிறது. அந்தத் தொகையை உங்கள் கோரிக்கையில் கழித்துக் காட்டுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

இப்போது யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் சித்தப்பாவுக்கு மனைவி, மக்கள், தாய், தகப்பன் யாரும் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்படிப்பட்டவரின் சொத்து உயிரோடு இருக்கும் சகோதரனுக்கும் சகோதரிக்கும் சரிபாதி. அண்ணன் தம்பி பிள்ளைகள் அதற்குக் கீழ் வரிசை. மேல் வரிசையில் ஒருவர் இருந்தாலும் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆகவே உங்களுக்குப் பங்கு கிடையாது. கொள்ளி வைத்த பையனுக்கும் கிடையாது. ஆற்காட்டு அத்தைக்குக் கொல்லையிலும் வங்கிப் பணத்திலும் பாதி. ஓசூர்க்காரர் அந்த அம்மாளின் பெயரையே எடுக்கவில்லை, கவனித்தீர்களா?

நாமினி என்பதாலேயே பணம் அவருடையது ஆகிவிடாது. வாரிசுகள் சார்பில் வாங்கி வைத்திருப்பவர், அவ்வளவுதான். ஆயுள் காப்பீட்டுப் பணம் பற்றி உச்ச நீதிமன்றம் 1984-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வங்கி வைப்புக்கும் அதே நியாயம். ஆனால் வங்கிக்கு ரிஜிஸ்டர் தபாலில் ஆட்சேபம் அனுப்பிக் காசைக் கரைக்காதீர்கள். நாமினிக்குக் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. வேறொருவரின் ஆட்சேபக் கடிதத்தை வங்கி ஏற்கவேண்டியதில்லை என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. நீதிமன்ற உத்தரவைக் கொண்டுபோனால்தான் நிறுத்துவார்கள்.

பதில்: மேல்விஷாரம் வாசகர்

குமாஸ்தா ஐயா சொன்ன வரிசையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் ஷரீஅத் முறையிலும் இறந்தவர் விட்டுச்சென்றதில் முதல் செலவு கஃபன் என்கிற பிரேதத் துணியும் அடக்கமும். அதன்பின் கடன். பிறகு மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் வஸிய்யத், அதாவது உயில். கடைசியில்தான் வாரிசுகள். கடனை அடைக்காமல் பாகம் பிரிக்க உட்கார்ந்தால் பெரியவர்கள் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்கள் வீடுகளில் சண்டை இல்லை என்று சொல்ல வரவில்லை. சண்டை வேறு இடத்தில் தொடங்கும்.

பதில்: பள்ளிகொண்டா பெரியவர்

தாயி, சட்டம் அவர் சொன்னபடி இருக்கட்டும். ஊர் நியாயமும் ஒன்று இருக்கிறது, அதுவும் உன் பக்கம்தான்.

மொய் யாருக்கு எழுதுவது? செலவு செய்த வீட்டுக்கு. கருமாதி மொய் என்பது சாப்பாட்டுச் செலவைத் தாங்குவதற்காக உறவு கூடிக் கொடுக்கும் கைமாற்று. நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒன்று என்றால் திருப்பி எழுத வேண்டியது நீ. நோட்டு ஓசூரில் இருந்தால் நீ யாருக்கு எவ்வளவு திருப்புவாய்? மொய்யை எடுத்தவன் சாப்பாட்டுக் கணக்கைத் தீர்க்க வேண்டும். 38,000-த்தில் 31,000 அங்கேயே நேராகிவிடும். இதை வழக்கறிஞர் நோட்டீஸில் கேட்பதைவிட, பங்காளிகளில் மூத்தவர் ஒருவரை வைத்துக் கேட்டால் சீக்கிரம் நடக்கும். அந்த நோட்டில் பெயர் எழுதியவர்கள் எல்லாருமே உனக்குச் சாட்சி. ஓசூர்க்காரர் பேரன் காதுகுத்துக்கு அதே ஜனங்களைத்தான் அழைத்தாக வேண்டும், மறக்காதே.

பதில்: வளையல்கார வீதி

ஒரு சந்தேகம். பூப்பல்லக்குக்குப் பிடிவாதம் பிடித்தவன் அந்தப் பையன் என்கிறாள். அதற்கும் சொத்துதான் பதிலா? இன்னொன்று, அந்த 1925-ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கானது என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறேன்?

பதில்: சத்துவாச்சாரி குமாஸ்தா

இரண்டும் நல்ல கேள்விகள். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும் பகுதி இந்துக்களுக்குப் பொருந்தாது, அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இறந்தவரின் சொத்தை நிர்வகித்துக் கடன் தீர்க்கும் ஒன்பதாம் பகுதி இந்துக்களுக்கும் உண்டு. 303-ம் 320-ம் அந்தப் பகுதியில் வருகின்றன.

பூப்பல்லக்கு விஷயத்தில் இரண்டு உறவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பூக்காரருக்கும் பந்தல்காரருக்கும், யார் ஆர்டர் கொடுத்தார்களோ அவர்கள்தான் பணம் தரவேண்டியவர். "சொத்து பிரியட்டும், தருகிறேன்" என்று அவர்களிடம் சொல்ல முடியாது. பையன் போன் செய்து சொல்லியிருந்தால், பூக்காரர் அவனைக் கேட்டிருக்கலாம். அம்மா கட்டிவிட்டார்கள், சரி. கொடுத்ததைச் சொத்திலிருந்து திரும்பப் பெறுவது இரண்டாவது விஷயம். அங்கேதான் "நியாயமான" என்ற சொல் குறுக்கே நிற்கும். 17,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 9,000 ரூபாய் பூப்பல்லக்கு அதிகம் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். சொல்லட்டும். சொல்லும் வாய் அந்தப் பையனின் அப்பாவுடையது, கேட்டது அந்தப் பையன். எந்த நீதிபதியும் சிரிக்காமல் கேட்க மாட்டார்.

கணக்கை இப்படிப் போடுங்கள். பட்டாசை விடுங்கள். கருமாதிச் சாப்பாட்டைப் பெரியவர் சொன்னபடி மொய்யோடு தனியாக வையுங்கள், ஈமச்செலவோடு கலக்க வேண்டாம். விருந்தைச் சேர்த்தால் மொத்தக் கணக்கின் மேலும் சந்தேகம் விழும். மிச்சம் 37,400. மருத்துவமனை 42,600. ஆக 80,000. பெட்டிப் பணம் 9,000-ஐக் கழியுங்கள். 71,000. கடைசி மாதச் சாப்பாட்டையும் கேட்கலாமே என்று பிரிவைப் படித்துவிட்டு யாராவது சொல்வார்கள். சித்தப்பா மாதாமாதம் 5,000 வைத்திருக்கிறார், அதைக் கேட்காதீர்கள்.

இன்னும் ஒன்று கழிக்க வேண்டியிருக்கிறது, அது உங்களுக்கு வரவு. அவர் வேலையில் இருக்கும்போதே இறந்திருக்கிறார். சம்பளம் 21,000-க்குள். அப்படியானால் ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் இருந்திருக்கும். ஈ.எஸ்.ஐ.-யில் ஈமச்செலவுக்கு என்றே 15,000 ரூபாய் வரை தருகிறார்கள். குடும்பம் இருந்தால் அதில் மூத்தவருக்கு. குடும்பம் இல்லாதவர் என்றால், உண்மையில் செலவு செய்தவர் யாரோ அவருக்கே. அந்தச் சட்டத்தில் குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று போகும். ஓசூரில் குடியிருக்கும் அண்ணன் அதில் வரமாட்டார். ஆகவே அந்தப் பணம் உங்களுடையது, யாரிடமும் கையேந்த வேண்டாம்.

லத்தேரிக்காரி

ஐயா, சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டும் இருக்கின்றன. பார்த்துவிட்டேன். தொழிற்சாலையில் சித்தப்பாவோடு வேலை செய்த ஒருவர் அடையாள அட்டை நகலையும் கொடுத்தனுப்பினார்.

நேற்று ஆற்காட்டுக்குப் போய் அத்தையிடம் குமாஸ்தா ஐயா எழுதியதை முழுதாகப் படித்துக் காட்டினேன். தனக்கும் பங்கு உண்டு என்பது அத்தைக்கே தெரியவில்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு ஏது" என்று ஆரம்பித்தவர், பாதி என்று கேட்டதும் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தானே படித்தார். பிறகு ஒரே கேள்வி: "உன் செலவு போகத்தானே பாதி?" ஆமாம் என்றேன். "அப்படியானால் எழுது, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். பெரியப்பா மாதிரி நாலு அண்ணன்கள் இருப்பதைவிட இப்படி ஒரு அத்தை போதும்.

வழக்குப் போட்டால் எவ்வளவு ஆகும்? சங்கிலியை மீட்பதற்காக வளையலை அடகு வைக்கும் நிலைமை வரக்கூடாது.

பதில்: சத்துவாச்சாரி குமாஸ்தா

வளையல் கையிலேயே இருக்கட்டும். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்களுக்கும் அத்தைக்கும் பொருந்தும். வழக்குத் தொடுப்பதற்கு முன்பே சமரசத்துக்காக அங்கே மனுக் கொடுக்கலாம், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. பெரியப்பாவுக்கு அவர்களே அழைப்பு அனுப்புவார்கள். பேசி முடிந்து லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அவர் வராவிட்டால் வழக்கு. பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருப்பதால் பதற வேண்டாம்.

மனுவில் அத்தையும் கையெழுத்துப் போடட்டும். ஈ.எஸ்.ஐ. பணம் வந்தால் சொத்திலிருந்து உங்களுக்கு வரவேண்டியது 56,000. வங்கிப் பணத்தில் அதைக் கழித்தால் 1,54,000. அண்ணனுக்கு 77,000, தங்கைக்கு 77,000. இந்த நான்கு எண்களையும் மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கொல்லையை இதில் இழுக்காதீர்கள். அது பாகப்பிரிவினை, வேறு கதை, வேறு கட்டணம். இந்தப் பருவத்துக் கடலையை மட்டும் அத்தைக்குத் தெரிந்து பிடுங்குங்கள்.

பி.எஃப். நியமனப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்று தொழிற்சாலை அலுவலகத்தில் கேளுங்கள். அதோடு சேர்ந்த காப்பீட்டுத் தொகையும் உண்டு, சின்னப் பணம் இல்லை.

லத்தேரிக்காரி

பி.எஃப்.-இல் என் பெயர் இருக்கிறதாம். தொழிற்சாலை அலுவலகத்தில் இப்போதுதான் போனில் சொன்னார்கள். மனுஷர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பதில்: பள்ளிகொண்டா பெரியவர்

ஓசூருக்கு இன்றைக்கு இதைச் சொல்லாதே. முதலில் மொய் நோட்டு வரட்டும். உங்கள் பங்காளிகளில் மூத்தவர் யார், எந்த ஊர் என்று மட்டும் எழுது, எனக்குத் தெரிந்தவராக இருந்தாலும் இருப்பார்.

பதில்: சத்துவாச்சாரி குமாஸ்தா

நல்லது அம்மா. ஆனால் முதலில் ஈ.எஸ்.ஐ. படிவம். அதற்கு இறந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் கெடு, ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. இறப்புச் சான்றிதழில் பெயரும் தகப்பனார் பெயரும் ஈ.எஸ்.ஐ. அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு முன்னெழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பில்களில் அசலை யாரிடமும் கொடுத்துவிடாமல் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தல்காரரின் துண்டுச்சீட்டில் தேதி இல்லையென்றால் இன்றைக்கே போய் எழுதி வாங்கிவிடுங்கள்.